கோச் பார்க்கிற இடம்

டெக்சாஸ் தமிழர்களிடையே ஒரு புது இனம் தோன்றியிருக்கிறது. வெயிலுக்கு அஞ்சாது. புல்லைக் கண்டால் குனிந்து தடவிப் பார்க்கும். தானாக ஒரு பந்தையும் அடிக்காது. அதன் பெயர் கோல்ஃப் தகப்பன்.

அடையாளம் காண்பது எளிது. சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, ஊர் முழுக்கப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் நேரத்தில், பிளானோ நகரத்துச் சுங்கச் சாலையில் தனியாக விரைகிற காரைப் பாருங்கள். ஓட்டுபவர் தலையில் வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் ஒற்றைக் கையுறை, பக்கத்து இருக்கையில் வாய் திறந்து தூங்கும் ஒரு பிள்ளை, டிக்கியில் பதினான்கு மட்டைகள் செருகிய ஒரு பை. அவர் வாழ்நாளில் கோல்ஃப் ஆடியது ஒரே ஒரு முறை, கம்பெனி பிக்னிக்கில். பந்து குளத்தில் விழுந்தது. எடுக்கப் போனபோது செருப்பும் விழுந்தது. அன்றோடு ஆட்டக்காரர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, அன்று மாலையே நிபுணராகப் பொறுப்பேற்றுக்கொண்டார்.

பிறந்தநாள் விருந்தில் கையில் தட்டோடு நிற்கும் இதய மருத்துவரை ஓரமாக அழைத்துப் போய், சோற்றுக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பு எப்போது திரும்ப வேண்டும், தோள் எப்போது திரும்பக் கூடாது என்று இருபது நிமிடம் விளக்குகிறவர் அவர்தான். கோல்ஃபில் அடி குறையக் குறையப் பெருமை. மகள் நன்றாக ஆடினால், "நேத்து நாங்க எழுபத்தஞ்சு அடிச்சோம்" என்பார். மோசமாக ஆடினால், "அவ எண்பத்திரண்டு அடிச்சுட்டா" என்பார்.

ஏன் கோல்ஃப் என்று கேட்கிறீர்களா? கணக்கு, வயலின், விவாதப் போட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் நம் பிள்ளைகளே வரிசையில் நிற்கிறார்கள். கோல்ஃபில் கூட்டம் குறைவு, கல்லூரியில் சுலபமாக இடம் கிடைக்கும் என்று யாரோ ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். நெய்னா முகம்மது, காயல்பட்டினத்துக்காரர். பிளானோவுக்கு வந்து பதினெட்டு வருடம். லெகஸிப் பக்கம் ஒரு பெரிய அலுவலகத்தில் தரவுகளை ஒழுங்குபடுத்தும் வேலை. மனைவி அமீனா மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்ட். கணவர் சொல்லும் எதையும் மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல இருமுறை படிக்காமல் ஏற்காதவர். ஒரே மகள் ஆஃபீஃபா, வயது பதினேழு, பன்னிரண்டாம் வகுப்பு. ஒன்பது வயதில் மட்டையைப் பிடித்தாள். அன்றிலிருந்து மட்டைகள் அவளுடையவை, பை வாப்பாவுடையது. வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொரு மட்டையையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, பக்கவாட்டுப் பையில் பேரீச்சம்பழம், தண்ணீர், தலைவலி மாத்திரை, மாற்றுக் காலுறை எல்லாம் அடுக்கி வைப்பார். சனிக்கிழமை டிக்கியிலிருந்து எடுத்து இரண்டு வாரையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு முதல் குழிவரை தூக்கிப் போவார். எட்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட டிக்கியைத் திறந்ததில்லை. அது பூட்டியிருக்குமா, அழுத்தினால் திறக்குமா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

இந்த நிலையில்தான் கோச் வந்தார்.

டெல்மர் ரிக்ஸ் என்று பெயர். மேற்கே ஆறு மணி நேரம் ஓட்டினால் வரும் ஒரு சின்னக் கல்லூரியில் பெண்கள் கோல்ஃப் அணிக்குப் பயிற்சியாளர். வருகிற ஆகஸ்டுக்கு அவர் அணியில் இரண்டு இடம் காலி, ஒன்று நிரம்பிவிட்டது. கோடையில் ஆஃபீஃபா அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்த அன்று சமையலறையில் உம்மாவிடம் மட்டும் சொன்னாள். வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அதன் சாரம் இது: அந்தக் கோச் ஒரு வாளிப் பந்தைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லாமல் அடித்தேன். அப்படி அடித்ததே இல்லை, உம்மா. எனக்கு அந்த இடம் வேண்டும்.

மகள் எதையும் வேண்டும் என்று கேட்டு அமீனா கேள்விப்பட்டதில்லை. கேட்பதற்குள் வாப்பா வாங்கிவந்துவிடுவார்.

ஆனால் இதைக் கடையில் வாங்க முடியாது. ஆகவே, அமீனா சொல்லி விஷயம் தெரிந்ததும், நெய்னா முகம்மது தனக்குத் தெரிந்ததைச் செய்தார். ஆராய்ச்சியில் இறங்கினார்.

கோல்ஃப் தகப்பனுக்கும் மற்ற தகப்பன்களுக்கும் இருக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும். மற்றவர்கள் மகளைத் தயார்ப்படுத்துவார்கள். இவர் கோச்சைப் படிப்பார். டெல்மர் ரிக்ஸ் பதினாறு வயதில் புல்வெட்டும் வண்டி ஓட்டியது, இருபதுகளில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆக நான்கு முறை தகுதிச் சுற்றுக்குப் போய் நான்காம் முறை ஒரே ஒரு அடியில் தவறவிட்டது, அப்புறம் ஒரு கோல்ஃப் கடையின் பின்னறையில் மட்டைகளுக்குப் பிடி மாற்றிக்கொண்டு ஆறு வருடம் இருந்தது, கல்லூரியில் துணைப் பயிற்சியாளர் என்ற பெயரில் வேன் ஓட்டுநராகச் சேர்ந்தது, தலைமைப் பயிற்சியாளர் ஆனபிறகும் அதே வெள்ளை வேனைத் தானே ஓட்டுவது, இருபத்தாறு வருடத்தில் தேசியக் கோப்பை ஒன்றுகூட வாங்காதது, பாதியில் ஒரு பெண்ணையும் அணியிலிருந்து நீக்காதது, ஜெயித்தவளுக்கு ஒரு தலையசைப்பும் தோற்றவளுக்கு ஒரு சாண்ட்விச்சும் தருவது, ஒவ்வொரு பெண்ணும் மட்டை பட்டுத் தான் பெயர்த்த புல்லோடு வேறு யாரோ பெயர்த்த புல்லையும் ஒன்றாவது சரிசெய்ய வேண்டும் என்று விதி வைத்திருப்பது, இரவுச் சாப்பாட்டில் எல்லார் ஃபோனும் ஒரு கூடைக்குள் போவது என எல்லாவற்றையும் சேகரித்தார். பத்தொன்பது பக்கம் வந்தது. மேலே தலைப்பு: "டெல்மர் ரிக்ஸ், வாழ்க்கையும் விழுமியங்களும்." ஒரு மனிதன் இத்தனை வருடம் வாழ்ந்த வாழ்க்கை, நெய்னா முகம்மதுவின் கையில் போன வருடக் கேள்வித்தாள் ஆகிவிட்டது.

அமீனா பத்தொன்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"நம்ம நிக்காஹுக்கு முன்னாடி என்னப் பத்தி இவ்வளவு விசாரிச்சீங்களா?"

"அப்ப பாட்காஸ்ட் இல்ல."

பாட்காஸ்ட் என்று அவர் சொன்னதில் காரணம் உண்டு. கோச்சுகள் கூச்ச சுபாவிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மைக் கிடைத்தால் அவர்களும் பேசுவார்கள். 'ப்ராசஸ்' என்பார்கள், 'கல்ச்சர்' என்பார்கள், 'எங்கள் அணி ஒரு குடும்பம்' என்பார்கள். டெல்மர் ரிக்ஸும் நான்கு வருடத்துக்கு முன் ஒரு பாட்காஸ்டில் பேசியிருக்கிறார். நாற்பத்தொரு நிமிடம். அலுவலகம் போகும் வழியில் அதை ஏழு தடவை கேட்ட நெய்னா முகம்மது, முப்பத்திரண்டாம் நிமிடத்தில் ஒவ்வொரு தடவையும் பிரேக்கைத் தொட்டார். அங்கே கோச் இப்படிச் சொல்கிறார்:

"ஸ்கோரைப் பார்க்க நான் நேரில் வர வேண்டாம். நேரில் வந்தால் நான் பார்ப்பது பார்க்கிங் லாட்டை. காரிலிருந்து பையை யார் எடுக்கிறார்கள், பிள்ளையா, அப்பாவா? கொண்டுவந்து விட்டவருக்கு அந்தப் பிள்ளை நன்றி சொல்கிறதா? பாதி முடிவை அங்கேயே எடுத்துவிடுவேன்."

நெய்னா முகம்மது கணக்குப் போட்டார். எட்டு வருடம். ஏறத்தாழ இருநூறு பார்க்கிங் லாட்டுகள். ஒவ்வொன்றிலும், பட்டப்பகலில், எல்லார் கண்முன்னேயும் அவரே தூக்கியிருக்கிறார்.

இன்னொருவராக இருந்தால் இனிமேல் தூக்காமல் இருப்போம் என்று விட்டிருப்பார். நம் ஆள் அப்படி விடுகிறவரா? விழுமியம் என்பது ஒரு பாடம். பாடம் என்றால் பயிற்சி வேண்டும். அக்டோபரில் ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டில் நடக்கும் போட்டிக்குக் கோச் வருகிறார் என்று தெரிந்ததும், அதற்கு முந்தைய ஞாயிறு, வீட்டு வாசலில் கார் நிற்கும் டிரைவ்வேயில் வகுப்பு தொடங்கியது.

"அமீனா, இங்க வா. நீதான் கோச். அந்த மெயில்பாக்ஸ் கிட்ட நில்லு."

"கோச்சுக்கு டீ உண்டா?"

"சீரியஸா இரு. ஆஃபீஃபா, நீ கார்லேர்ந்து இறங்குறே. டிக்கிய ஓபன் பண்றே. பையை எடுக்குறே. தோள்ல மாட்டுறே. திரும்பி என்னப் பாத்து 'தேங்க்ஸ்'ங்கிறே. அவ்வளவுதான்."

"வாப்பா, திஸ் இஸ் ஸோ க்ரிஞ்ச்."

"க்ரிஞ்சா, கூச்சமா இருந்தா பரவால்ல. நேச்சுரலா இருக்கணும்."

முதல் தடவை டிக்கி திறக்கவில்லை. பொத்தான் எங்கே என்று அவள் தேடியதைக் கோச் பார்த்தால் என்ன நினைப்பார் என்று வாப்பா கவலைப்பட்டார். இரண்டாம் தடவை நன்றி சீக்கிரம் வந்துவிட்டது. மூன்றாம் தடவை நன்றி தாமதமாக வந்தது. நான்காம் தடவை நாயோடு நடந்துபோன பக்கத்து வீட்டுக்காரர் கையசைத்தார்; மூன்று பேரும் பதிலுக்குக் கையசைத்தார்கள். ஆறாம் தடவை எல்லாம் பொருந்தி வந்தது. நெய்னா முகம்மது மெயில்பாக்ஸ் பக்கம் திரும்பினார்.

"எப்படி?"

"நான் கோச்சா இருந்தா உங்களத்தான் செலக்ட் பண்ணுவேன்" என்றார் அமீனா. "அவள விட நீங்க நல்லா பண்றீங்க."

வெள்ளிக்கிழமை மாலை ஹூஸ்டன் போய்ச் சேர்ந்தார்கள். ஹில்க்ராஃப்ட் கடைத்தெருவில் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்து மேஜையில் பசுபதி. அவரும் பிளானோதான், அவரும் கோல்ஃப் தகப்பன்தான். மனைவி ஸ்வர்ணாவும் மகள் அதிதியும் கூட இருந்தார்கள். அதிதிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு.

"அட, நெய்னா பாய். என்ன இந்தப் பக்கம்?"

"சும்மா. பிரியாணி சாப்பிட."

"அதுக்கு நாலு மணி நேரம் டிரைவ் பண்ணீங்களா?"

"இங்க மசாலா வேற மாதிரி. நீங்க?"

"அதிதிக்கு ஒரு சின்ன டோர்னமென்ட். பெருசா ஒண்ணுமில்ல. கோச்சுங்கல்லாம் யாரும் வரலையாம்."

"ஆமா, யாரும் வரலைன்னுதான் நானும் கேள்விப்பட்டேன்."

இரண்டு தகப்பன்களும் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார்கள். ஒரே கிண்ணத்துத் தயிர்ப் பச்சடியைப் பகிர்ந்துகொண்டிருந்த இரண்டு பெண்களும், டெல்மர் ரிக்ஸ் வருவதைப் பற்றி முந்தைய வாரமே மெசேஜில் பேசி முடித்தவர்கள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே வரும்போது பசுபதியின் காதில் ஒரு இயர்ஃபோன் இருந்ததை நெய்னா முகம்மது கவனித்தார். எத்தனையாவது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்க முயன்றார்.

மறுநாள் காலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மைதானத்து வாசலில் நுழைந்தார்கள். பார்க்கிங் லாட்டின் ஓரத்தில், மடக்கு நாற்காலியில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நெய்னா முகம்மது ஸ்டீயரிங்கைத் தட்டினார்.

"அவருதான். ரெடி."

ஆஃபீஃபா இறங்கினாள். டிக்கியைத் திறந்தாள். பையை எடுத்தாள். "தேங்க்ஸ்" என்றாள். கச்சிதம். நெய்னா முகம்மது, ஒன்றுமே செய்யாத ஒரு தகப்பனின் கம்பீரத்தோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெரியவர் எழுந்தார். நாற்காலிக்குப் பின்னாலிருந்து இலை ஊதும் இயந்திரத்தை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு ஊத ஆரம்பித்தார்.

சரி, அவர் கோச் இல்லை. நல்ல காட்சி ஒன்று வீணாகிவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நெய்னா முகம்மது பையை வாங்கி மறுபடி டிக்கியில் வைத்தார், மகளை உள்ளே உட்காரச் சொன்னார், வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு வாசல் வழியாக மீண்டும் வந்தார். இரண்டாம் முறையும் குறையொன்றுமில்லை. ஆனால் பார்த்தது ஃபிளாஸ்கோடு நின்ற ஸ்வர்ணா ஒருவர்தான்.

"என்ன பாய், எதையாவது மறந்துட்டீங்களா?"

"க்ளவ்" என்றார் நெய்னா முகம்மது. "க்ளவ் மறந்துட்டா."

அந்த நேரத்தில் நாலு கார் தள்ளி அதிதி தன் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டி, "தேங்க்ஸ், டாட்" என்று சொல்லி, இரண்டடி நடந்து, திரும்பி, இன்னொரு முறையும் "தேங்க்ஸ், டாட்" என்றாள். பசுபதி வீட்டிலும் டிரைவ்வே இருக்கிறது என்பது நெய்னா முகம்மதுவுக்குப் புரிந்தது.

ஆகவே மூன்றாம் முறை. இந்தத் தடவை க்ளப்ஹவுஸுக்கு எதிரே, பெயர் எதுவும் எழுதாத, ஒரு பக்கம் நசுங்கிய வெள்ளை வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வெள்ளை வேனா? பத்தொன்பது பக்கத்தில் நாலாம் பக்கத்திலேயே அது இருக்கிறது. ஆனால் தேர்வு எழுத வந்தவன் கண்ணுக்குக் கேள்வித்தாள்தான் தெரியும். மேற்பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி தெரியாது.

"இந்தத் தடவை வெறும் தேங்க்ஸ் வேணாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அதிதி மாதிரி 'தேங்க்ஸ், டாட்'னு சொல்லு. வாப்பான்னா அவருக்குப் புரியாது."

ஆஃபீஃபா டிக்கியைத் திறந்தாள். பையைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

அவள் தமிழைச் சண்டைக்கு மட்டும் வைத்திருப்பவள். வீட்டில் அவள் தமிழில் பேசினால் அமீனாவே அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பார்.

"வாப்பா. எட்டு வருஷமா நீங்கதானே தூக்குறீங்க. இன்னிக்கும் நீங்களே தூக்குங்க. எனக்குப் பொய் சொல்லிட்டுப் போயி ஆட வராது. கையெல்லாம் நடுங்குது."

"ஆஃபீஃபா, அவரு பாத்தா இடமே போயிடும்."

"போகட்டும்."

தலைத்துணிமேல் தொப்பியை அழுத்திக்கொண்டு, ஒற்றை மட்டையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, பந்து உருட்டிப் பழகும் புல்தரையை நோக்கி நடந்தாள். அமீனா தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் போனார். போகும்போது கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தூக்குங்க. லேட் ஆகுது."

நெய்னா முகம்மது சுற்றிலும் பார்த்தார். யாருமில்லை. பையை எடுத்தார், இரண்டு வாரையும் இரண்டு தோளில் மாட்டினார், டிக்கியைச் சாத்தினார். பக்கத்து வேனின் கதவு திறந்தது. மடியிலிருந்த ரொட்டித் துகளைத் தட்டிக்கொண்டு, கையில் பாதி சாண்ட்விச்சோடு, டெல்மர் ரிக்ஸ் இறங்கினார். பையைப் பார்த்தார். பைக்கடியில் இருந்தவரைப் பார்த்தார்.

"மார்னிங்" என்றார். போய்விட்டார். ஆட்டம் முடியாமல் கோச்சுகள் பெற்றோரிடம் அதற்கு மேல் பேச விதி இல்லை.

அந்தப் பதினெட்டுக் குழிகளையும் நெய்னா முகம்மது எப்படிக் கடந்தார் என்பதை விவரித்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். முதல் குழியில் பையை இறக்கி வைத்தார். அங்கிருந்து ஆட்டக்காரிகள் தாங்களே சுமக்க வேண்டும் என்பது போட்டி விதி. பார்வையாளர் பாதையில், புல்லைக்கூடத் தடவாமல் நடந்தார். வழக்கமாக ஒவ்வொரு அடிக்கு முன்பும் அவர் இருமுவார். இடது பக்கம் குளம் இருந்தால் ஒரு இருமல், வலது பக்கம் மணல் இருந்தால் இரண்டு. அன்று இருமல் வரவில்லை. மகள் அதைக் கவனித்தாளா என்று தெரியாது. எழுபத்தாறு அடித்தாள். அதிதி எழுபத்தைந்து. நாலைந்து பேர் அதைவிடக் குறைவு. கோச் பதினோராம் குழியருகே ஒரு மரத்தடியில் சற்று நேரம் நின்றிருந்தார், அப்புறம் காணவில்லை.

திரும்பிவரும்போது பாதி வழியில் நெய்னா முகம்மது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"அந்த வேன் நாலாம் பக்கத்துல இருந்துச்சு."

"தெரியும்" என்றார் அமீனா. "படிச்சேன்ல."

செவ்வாய்க்கிழமை மாலை ஃபோன் வந்தது. ஆஃபீஃபா எண்ணைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள், ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். நெய்னா முகம்மது குளிர்பெட்டிக் கதவைத் திறந்தவர் மூட மறந்து நின்றார்.

கோச்சின் குரல் அவசரமில்லாமல் வந்தது. ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்புறம், "ஒன்று கேட்க வேண்டும். சனிக்கிழமை காலை நீங்கள் அந்த லாட்டுக்கு மூன்று முறை வந்தீர்கள். ஏன்?" என்றார்.

நெய்னா முகம்மது இடது புறங்கையை வலது கையால் பட்பட்டென்று தட்டிக் காட்டினார். க்ளவ். க்ளவ் என்று சொல். அதற்கு ஸ்வர்ணா என்ற சாட்சிகூட இருக்கிறார்.

ஆஃபீஃபா அந்தக் கையைப் பார்த்தாள்.

"நீங்கள் பார்க்கிங் லாட்டில் பார்ப்பீர்கள் என்று என் அப்பா சொன்னார்" என்றாள். "வீட்டில் ஆறு தடவை ரிஹர்சல் செய்தோம். லாட்டில் மூன்றாம் தடவை என்னால் முடியவில்லை."

குளிர்பெட்டி, கதவை மூடச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. பிறகு கோச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இருமலாகத் தொடங்கிச் சிரிப்பாக முடிந்தது.

"தப்பு என்னுடையது" என்றார். "நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மைக்கின் முன் வாயைத் திறந்தேன். அதிலிருந்து இந்த மாநிலத்தில் ஒரு அப்பாகூடப் பையைத் தொடுவதில்லை. எல்லாப் பிள்ளையும் நன்றி சொல்கிறது. சனிக்கிழமை ஒரு பெண் இரண்டு தடவை சொன்னாள். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிங் லாட்டில் சாண்ட்விச் சாப்பிடுகிறேன், காலை ஏழு மணிக்குப் பதினேழு வயதுப் பிள்ளை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படி இருக்காது." நிறுத்தினார். "நீ அங்கே அப்பாவிடம் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. ஆனால் இந்த வருடம் அந்த லாட்டுகளில் நான் பார்த்ததில் ரிஹர்சல் இல்லாத ஒரே காட்சி அதுதான். அந்த இடம் உனக்கு வேண்டுமா?"

ஆஃபீஃபா வாயைப் பொத்திக்கொண்டாள். "வேண்டும்" என்று உள்ளங்கைக்குள் சொன்னாள். இரண்டாம் முறை கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நல்லது. உன் அப்பா அங்கே இருக்கிறாரா? பையை நன்றாகத் தூக்குகிறார் என்று சொல். இரண்டு வாரும் மாட்டிக்கொள்கிறார். என் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வருடம் ஆகிறது."

வேறு எந்தத் தகப்பனும் அங்கே கண்கலங்கி நிறுத்தியிருப்பார். ஆனால் இது எந்த இனம் என்பதை நாம் மறக்கக் கூடாது. நெய்னா முகம்மது மூன்றே எட்டில் மேஜையை அடைந்து ஃபோன்மேல் குனிந்தார்.

"கோச், ஒரே ஒரு கேள்வி. லாட்டை விட்டுட்டீங்கன்னா, இப்ப நீங்க எங்கதான் பாக்குறீங்க?" ஆங்கிலத்தில்தான் கேட்டார், ஆனால் காயல்பட்டினத்து ஆவலோடு கேட்டார்.

"சார்" என்றார் டெல்மர் ரிக்ஸ், "அந்தக் கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லித்தான் நான் கெட்டேன்."

பிறகு மகளிடம், ஆகஸ்டில் முதல் பயணத்துக்கு வேன் காலை ஏழு மணிக்குக் கிளம்பும் என்றும், அதில் பெற்றோருக்கு இடம் கிடையாது என்றும் சொல்லிவிட்டு வைத்தார். அமீனா போய்க் குளிர்பெட்டியைச் சாத்தினார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கோல்ஃப் தகப்பனால் எந்த ரகசியத்தையும் ஒரு வாரத்துக்கு மேல் உள்ளே வைத்திருக்க முடியாது. அடுத்த விருந்தில், கையில் கரண்டியோடு, நெய்னா முகம்மது எல்லாவற்றையும் பசுபதியிடம் சொன்னார். அதிதிக்கு இன்னும் ஏழு கல்லூரிகளின் பட்டியல் பாக்கி இருந்தது. பசுபதி குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை, அதாவது, கழிப்பறைக்குப் போய் எடுத்துக்கொண்டார். மறுநாள் மாலை அவர் வீட்டு டிரைவ்வேயில் ஸ்வர்ணா தொப்பி போட்டுக்கொண்டு, கையில் சாண்ட்விச்சோடு கார் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே தூக்குங்கப்பா" என்றாள் அதிதி.

"இன்னும் கொஞ்சம் கோவமா சொல்லும்மா" என்றார் பசுபதி. "ஆனா ரெஸ்பெக்ட்டோட. கை நடுங்கணும். ஒன்ஸ் மோர்."

நவம்பர் மாதப் போட்டியில், சான் அன்டோனியோவுக்கு வடக்கே ஒரு மைதானத்தின் பார்க்கிங் லாட்டில், பதினொரு தகப்பன்கள் இரண்டு வாரையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்களாம். முன்னால் பதினொரு பிள்ளைகள் வெறுங்கையோடு, அளவான கோபத்தோடு. அங்கே ஒரு வெள்ளை வேன்கூட நிற்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். உங்கள் பிள்ளை கோல்ஃப் ஆடாதவள். செஸ் ஆடுகிறாள், அல்லது வீணை வாசிக்கிறாள், அல்லது பாவம் சும்மா இருக்கிறாள். உங்களுக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோச்சின் சாண்ட்விச்சும் தலையசைப்பும் வரும் பத்தியில் கொஞ்சம் நிதானமாகப் படித்தீர்களே, அது ஏன்? அவர் இப்போது எங்கேதான் பார்க்கிறார் என்று இதில் எங்காவது சொல்லியிருக்கிறதா என்று தேட இன்னொரு தடவை மேலே போகப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் உங்கள் கார் டிக்கியைத் திறந்து பாருங்கள். அங்கே ஏதாவது ஒரு பை இருக்கும். அதன் வார் உங்கள் தோள் அளவுக்குத்தான் இழுத்துக் கட்டியிருக்கும்.